பாஸ்டரம்மா வரைந்த வாக்குத்தத்தச் சீட்டுகள்

பாஸ்டரம்மா போய் இரண்டு மாதம் ஆகிறது. செத்தவர்களோடு சண்டை போட முடியாது என்று தெரிந்தும், கொஞ்ச நாளாக மனசுக்குள் அவரோடு மல்லுக்கு நின்றுகொண்டிருக்கிறேன். உயிரோடு இருந்தவரை அவரிடம் ஒருவர் குரலை உயர்த்திப் பேசி நான் பார்த்ததில்லை. அப்படிப்பட்ட பெண்மணி இப்படி ஒரு காரியம் செய்தார் என்று யாராவது வந்து சொல்லியிருந்தால், சொன்னவர் வாயிலேயே ஒன்று போட்டிருப்பேன். யாரும் சொல்லவில்லை. நானே என் கண்ணால் பார்த்தேன்.

ராயபுரத்தில் எங்கள் சபைக்கு அவர் கணவர் போதகராக மாற்றலாகி வந்தபோது எனக்கு முப்பது வயது. துறைமுகத்தை ஒட்டி ஒரு கிளியரிங் ஆபீஸில் டைப்பிஸ்ட் வேலை. வீட்டில் நானும் அம்மாவும் மட்டும். போதகர் பெரிய குரல்காரர். அவருக்கு மைக் எதற்கு, காசிமேடு வரை கேட்குமே என்று நாங்கள் கேலி பேசுவோம். மனைவி அதற்கு நேர்மாறு. திருநெல்வேலிப் பேச்சு, அதையும் பாதி வாயிலேயே விழுங்கிவிடுவார். எங்களில் போதகர் மனைவிக்குச் சொந்தப் பெயர் கிடையாது, பாஸ்டரம்மாதான். பெண்கள் ஐக்கியத்துக்குத் தலைவி, கூட்டம் கூடினால் டீ போடுகிறவர், யார் அழுதாலும் தோள் கொடுக்கிறவர். குடியிருப்பது சபைக்குச் சொந்தமான குருமனை என்பதால் யார் வேண்டுமானாலும் செருப்பைக் கழற்றிவிட்டு நேராக அடுப்படி வரை போகலாம். குழம்புச் சட்டியைத் திறந்து, "இன்னா பாஸ்டரம்மா, இன்னிக்கும் சாம்பாரா?" என்று கேட்டவர்களும் உண்டு. நாலைந்து வருடத்துக்கு ஒரு முறை மேலிடத்திலிருந்து கடிதம் வரும். சாமானைக் கட்டிக்கொண்டு அடுத்த ஊர்.

எனக்கும் அவருக்கும் பழக்கம் ஏற்பட்டது ஒரு கல்யாணப் பத்திரிகையால். சித்தி மகள் கல்யாணத்துக்கு அழைக்கப் போயிருந்தேன். பத்திரிகையை வாங்கியவர் உள்ளே இருப்பதைப் படிக்கவில்லை. பின்பக்கம் திருப்பி, விரலை நாக்கில் தொட்டு ஓரத்தில் வைத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இது தண்ணி குடிக்கும்" என்றார்.

நான் வாயில் ஈ போவது தெரியாமல் நின்றேன்.

"கல்யாணத்துக்கு வருவீங்கல்ல?"

"வாரேன், வாரேன். இதே மாதிரி பத்திரிக்க இன்னும் நாலு கிடைக்குமா?"

அப்போதுதான் தெரிந்தது, அவர் வாட்டர்கலர் வரைகிறவர் என்று. குருமனைக்கு வந்து குவிகிற கல்யாணப் பத்திரிகைகள்தான் அவருக்குத் தாள். வழவழப்பான பத்திரிகை வந்தால் முகம் வாடிவிடும், அந்தக் கல்யாணமே சரியில்லை என்பதுபோல. வண்ணக் கட்டிகள் ஒரு பிஸ்கட் டின்னில் இருந்தன. வண்ணம் கலக்க, விளிம்பு உடைந்த திருவிருந்துக் கண்ணாடிக் கிண்ணங்கள். திராட்சரசம் ஊற்றுகிற கிண்ணத்தில் கருநீலத்தைக் குழப்புவதைப் பார்த்து எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "உடஞ்சத குப்பையிலதான போடுவாவ, இதுல என்ன தப்பு" என்று அவர் பாட்டுக்குக் கலக்கினார்.

மத்தியானம் இரண்டு முதல் நாலு வரைதான் அவருக்கு வாய்த்த நேரம். போதகர் சாப்பிட்டுவிட்டுக் குறட்டை விடுவார். சனிக்கிழமைகளில் எனக்கு அரை நாள் ஆபீஸ் என்பதால் நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வேன். தூரிகை கழுவி அழுக்கான தண்ணீரை ஒரு முறை நான் வெளியே ஊற்றப் போக, "ஏட்டி, அதக் கொட்டிராத, அதுதான் வானம்" என்று பதறினார். ராயபுரத்து வானத்துக்கு நீலமே செலவாவதில்லை என்பார். ஈரம் காய்வதற்குள் ஜன்னல் வழியாகத் தூசு வந்து படத்தில் ஒட்டும். அதைத் துடைக்கவும் மாட்டார்.

அவர் எதற்கும் கையெழுத்துப் போட்டதில்லை. கண்காட்சி வைக்கலாமே என்று ஒரு முறை சொன்னேன். "பாஸ்டர் பொண்டாட்டிக்கு எதுக்குட்டி கண்காட்சி" என்று சிரித்தார். சபைக்கு அவர் படத்தால் கிடைத்த ஒரே உபயோகம் புது வருடச் சீட்டுதான்.

எங்களவர்கள் அல்லாதவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும். புது வருட ஆராதனை முடிந்ததும் ஒரு தட்டில் சிறு சிறு அட்டைகளைப் பரப்பி வைத்திருப்பார்கள். ஒவ்வொன்றிலும் ஒரு வேத வசனம். ஆளுக்கு ஒன்று எடுக்க வேண்டும். அதுதான் அந்த வருடத்துக்கு ஆண்டவர் உங்களுக்கென்று கொடுத்த வாக்குத்தத்தம். வீட்டுக்குப் போய்க் குடும்பத் தலைவர் எல்லாருடையதையும் சத்தமாகப் படிப்பார். பிறகு அதைக் கதவிலோ பீரோவிலோ ஒட்டிவிட்டு, வருடம் முழுக்க நல்லது கெட்டது எல்லாவற்றையும் அதோடு பொருத்திப் பார்த்துக்கொள்வோம். பெண் பார்க்க வந்தவர்களை அந்தச் சீட்டைப் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பிய குடும்பமெல்லாம் எனக்குத் தெரியும்.

ஆண்கள் பக்கம் போதகர் தட்டை நீட்டுவார், கடையில் வாங்கிய அச்சடித்த அட்டைகள். பெண்கள் பக்கம் பாஸ்டரம்மா நீட்டுவார். அவர் வந்த பிறகு எங்கள் தட்டில் இருந்தவை அவரே வெட்டி, ஒரு பக்கம் படம் வரைந்து, மறுபக்கம் வசனம் எழுதியவை. தட்டில் படம்தான் மேலே தெரியும். வசனம் அடியில் இருக்கும். ஆம்பிளைகளுக்கு எதற்குப் படம் என்று கமிட்டி சொல்லிவிட்டதாம். அவரும் நல்லதாகப் போயிற்று என்று விட்டுவிட்டார்.

அவர்கள் வந்து மூன்றாவது புது வருடம். வரிசையில் எனக்கு முன்னால் என் தோழி. பாடகர் குழுவில் என் பக்கத்து நாற்காலிக்காரி. காத்திவாக்கத்தில் பிறந்தவள், எண்ணூர்க் கழிமுகத்தில் இறால் பிடித்த குடும்பம். தண்டையார்பேட்டையில் டிரெய்லர் லாரி ஓட்டுகிறவருக்கு வாழ்க்கைப்பட்டிருந்தாள். அவர் எங்கள் சபைக் கமிட்டியிலும் இருந்தார். அவள் ஒரு சீட்டை எடுத்தாள். நான் ஒன்றை எடுத்தேன். எனக்கு வந்தது குருமனை வாசலில் நான் கேட்காமலே பறித்துக் கொள்ளும் செம்பருத்தி. அழகாகத்தான் இருந்தது. ஆனால் அவள் கையில் இருந்ததைப் பார்த்ததும் எனக்கு வயிறு எரிந்தது. கழிமுகத்தில் ஆளில்லாத ஒரு கட்டுமரம். தண்ணீருக்கு அவர் வண்ணமே தீட்டவில்லை, தாளை அப்படியே வெறுமையாக விட்டிருந்தார். ஆனாலும் அது தண்ணீராக இருந்தது. அவர் வரைந்ததிலேயே ஆகச் சிறந்த படம். அது போயும் போயும், காலண்டர் படத்துக்கும் இதற்கும் வித்தியாசம் தெரியாத இவளுக்கா?

படியிறங்கும்போதே கேட்டுவிட்டேன். "மாத்திக்கலாமாடி? இன்னும் படிக்கலையே, படிச்சாத்தான் நம்மளுது."

வாக்குத்தத்தத்தை மாற்றக் கூடாது என்பது சின்னப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். அவள் ஒரு வினாடி யோசித்தாள். "இந்தா, எட்த்துக்கோ" என்று என் கையில் திணித்துவிட்டு, என்னுடையதைப் பறிக்காத குறையாக வாங்கிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து திருப்பிப் பார்த்தேன். எழுந்து புறப்படு, நான் உன்னோடு வருவேன் என்று பொருள்படும் ஒரு வசனம். அப்போது ஆபீஸில் மேனேஜரோடு எனக்குப் பேச்சுவார்த்தையே இல்லாத நிலைமை. ஒரு சிறு பத்திரிகையில் வேலை இருப்பதாகத் தெரிந்தவர் சொல்லியிருந்தார், எனக்குத்தான் பயம். சீட்டைப் பார்த்ததும் பயம் போயிற்று. மறுநாளே ராஜினாமா கொடுத்துவிட்டேன். பத்திரிகையில் சேர்ந்தேன், எழுத ஆரம்பித்தேன், இன்று வரை எழுதுகிறேன். எல்லாம் நன்றாகவே நடந்தது. அம்மாவும் சந்தோஷமாகவே இருந்தாள்.

அடுத்த மாதம் சபையில் எழுந்து நின்று சாட்சி சொன்னேன். சீட்டைத் தூக்கிப் பிடித்துக் காட்டி, ஆண்டவர் என்னைப் புறப்படச் சொன்னார் என்று கண் கலங்கப் பேசினேன். அன்று மத்தியானம் குருமனைக்குப் போனபோது பாஸ்டரம்மா வரையவில்லை. டின் மூடியே இருந்தது.

"அந்தப் படம் உனக்கு எப்படிட்டி வந்துது?"

"நாங்க ரெண்டு பேரும் மாத்திக்கிட்டோம்" என்று சிரித்தேன்.

"அப்படியா" என்றார். அந்த மே மாதம் அவர்களுக்கு மாற்றல் வந்துவிட்டது.

இரண்டு வருடம் கழித்து ஒரு சாயங்காலம் தோழி என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். கையில் துணிக்கடைப் பை, அதற்குள் இரண்டு புடவை. உதடு கிழிந்திருந்தது. அதுவரை பாத்ரூமில் வழுக்கி விழுந்தேன், பஸ் கம்பியில் இடித்துக்கொண்டேன் என்றுதான் சொல்லிவந்தாள். நாங்களும் நம்பினோம், அல்லது நம்புவது சௌகரியமாக இருந்தது. "அப்பா வூட்டுக்குப் போலாம்னு கீறேன். போவட்டுமாடி?" என்றாள்.

நான் என்ன செய்தேன் என்பதை எழுத இப்போதும் கை கூசுகிறது. டீ போட்டுக் கொடுத்தேன். பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டேன். பிறகு, சாட்சி சொல்லிப் பழகிய அதே குரலில் கேட்டேன்: "நம்ம சீட்டு மாத்துனமே, உனக்கு அன்னிக்கி இன்னா வசனம் வந்துது?"

அமர்ந்திரு, பொறுமையாகக் காத்திரு என்கிற வசனம். செம்பருத்திச் சீட்டின் பின்பக்கம் அதுதான் இருந்தது. பாஸ்டரம்மா கையால் கிடைத்த கடைசிச் சீட்டு என்று, வருடம் முடிந்தும் கழற்றாமல் அவள் அதை டிவிக்கு மேலே ஒட்டி வைத்திருந்தது எனக்குத் தெரியும்.

"அப்புறம் இன்னாடி? ஆண்டவரே இருன்னு சொல்லிட்டாரு. பாத்துப்பாரு" என்றேன். ஆட்டோ பிடித்து ஏற்றிவிட்டேன். அந்த வாரமே புருஷன் அடித்ததில் அவளுக்கு இடது காது கேட்காமல் போயிற்று. அதன் பிறகும் அவள் பல வருடம் அங்கேயேதான் இருந்தாள். மூன்று வருடத்துக்கு முன்னால் அந்த ஆள் ஈரல் கெட்டுச் சாகும் வரை இருந்தாள். இப்போது திருவொற்றியூரில் ஒற்றை அறையில் தனியாக இருக்கிறாள்.

இவ்வளவும் நடந்தும் என் மனசில் பெரிய உறுத்தல் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். யாருக்கு எந்தச் சீட்டு என்று யார் கண்டது, தட்டில் கிடந்ததை எடுத்தோம், மாற்றினோம், அவள் தலையெழுத்து என்று இருந்துவிட்டேன்.

போன மாதம் பாஸ்டரம்மாவின் மகள் போன் செய்தாள். ஓய்வுபெற்ற பிறகு அவர்கள் கொடுங்கையூரில் ஒரு ஃபிளாட் வாங்கிக் குடியேறியிருந்தார்கள். போதகர் முன்பே காலமாகிவிட்டார். "அம்மா படமெல்லாம் கட்டுக் கட்டா கெடக்கு. உங்களுக்குத்தான் அதோட அருமை தெரியும், வேணுங்கறத எடுத்துட்டுப் போங்க" என்றாள். குப்பைமேட்டுப் புகைக்குப் பயந்து ஜன்னல்களை எல்லாம் அடைத்து வைத்திருந்த வீடு. கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு தகரப் பெட்டியை இழுத்துப் போட்டுவிட்டு அவள் சமையலைக் கவனிக்கப் போனாள்.

பெட்டியில் ஊர் ஊராகக் கட்டி வைத்திருந்தார். ராயபுரம் என்று எழுதிய கட்டைப் பிரித்தேன். வண்ணம் ஒத்திகை பார்த்த பெரிய தாள்கள். ஒவ்வொரு தாளிலும் அந்தந்த வருடத்துச் சீட்டுப் படங்கள் கட்டை விரல் அளவில், வரிசையாக. ஒவ்வொன்றுக்கும் கீழே பென்சிலில் பொடி எழுத்து. வண்ணக் குறிப்பாக்கும் என்று நினைத்துக் கண்ணாடியைப் போட்டேன்.

வண்ணக் குறிப்பு இல்லை. ஆள் குறிப்பு.

'மீன் விற்கிறவர், பின் வரிசை. மகன் போனதிலிருந்து அழவே இல்லை. கலங்கரை விளக்கம் வரைந்தால் எடுப்பார். அழச் சொல்ல வேண்டும்.' 'இட்லிக் கடை. பழுப்பு நிறப் பூனை. மருமகளோடு சமாதானம்.' இப்படி ஒரு தாள் முழுக்க. எங்கள் சபைப் பெண்கள் அத்தனை பேரும் அதில் இருந்தார்கள். யாருக்கு எது பிடிக்கும், யார் கை எதன் மேல் போகும் என்று பார்த்துப் பார்த்துப் படம் வரைந்து, அதன் முதுகில் அவளுக்கான வசனத்தை எழுதி, அவள் முன்னால் வரும்போது தட்டை அதற்கேற்பத் திருப்பிப் பிடித்திருக்கிறார். ஆண்டவர் கொடுத்தது என்று நாங்கள் கதவில் ஒட்டிக் கும்பிட்டது எல்லாம் இந்த அம்மாள் கொடுத்தது. தேர்தலில் கள்ள ஓட்டுப் போடுவார்கள், கேள்விப்பட்டிருக்கிறேன். பலிபீடத்துக்கு முன்னால் நின்றுகொண்டா?

மூன்றாவது வருடத்துத் தாளை எடுத்தேன். செம்பருத்தி இருந்தது. 'ஆபீஸ்காரி. ஆத்திரக்காரி. வேலையை விட்டுவிடுவாள் போலிருக்கிறது. தாயைப் பார்க்க வேறு ஆள் இல்லை. அவள் பறிக்கிற பூ, எடுப்பாள். இருக்கச் சொல்ல வேண்டும்.'

அதற்கு அடுத்து கட்டுமரம்.

'பாட்டுக்காரி, ஜன்னல் ஓரம். முழங்கைக்கு மேலே நீலம் பச்சையாகிவிட்டது, ஓரத்தில் மஞ்சள். பத்து நாள் இருக்கும். போன மாதமும் இதே இடம். கழிமுகம் வரைந்தால் எடுப்பாள். தகப்பன் வீட்டுக்குப் போகச் சொல்ல வேண்டும். சீக்கிரம்.'

அதன் கீழே, பென்சிலில் இல்லாமல் பேனாவில், இரண்டே வார்த்தை: 'கை மாறிவிட்டது.'

அவர் மகள் காபி கொண்டுவந்து வைத்தது, ஆறியது, எடுத்துக்கொண்டு போனது எதுவும் தெரியாது. நான் சாட்சி சொன்ன அன்றே பாஸ்டரம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தும் என்னிடம் சொல்லவில்லை, அவளிடமும் சொல்லவில்லை. மே மாதம் வரை குருமனையில் டீ போட்டுக்கொண்டு இருந்துவிட்டு லாரி ஏறிப் போய்விட்டார். காரணம் எனக்குப் புரியாமல் இல்லை. கமிட்டிக்காரர் வீட்டு விஷயத்தில் பாஸ்டரம்மா தலையிட்டார் என்று ஒரு பேச்சு கிளம்பினால் போதும், போதகர் பாடு திண்டாட்டம். புரிகிறது. மன்னிக்கத்தான் வரவில்லை. ஆனால் அவரை எவ்வளவு திட்டினாலும் கடைசியில் என்னிடம்தான் வந்து நிற்கிறது. படத்துக்கு ஆசைப்பட்டு அவளைப் போகச் சொன்ன சீட்டைப் பிடுங்கிக்கொண்டவள் நான். அவளே போகிறேன் என்று கிளம்பி வந்தபோது, எனக்கென்று எழுதிய சீட்டைக் காட்டித் திருப்பி அனுப்பியவளும் நான்.

சொல்லாமல் விட்டுவிடலாம் என்று ஒரு வாரம் நினைத்தேன். இனி சொல்லி என்ன ஆகப் போகிறது, காது திரும்பி வருமா? தூக்கம் வரவில்லை. என் அறைச் சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருந்த கட்டுமரப் படத்தைக் கழற்றி, துண்டில் சுற்றி, அந்தத் தாளையும் எடுத்துக்கொண்டு கும்மிடிப்பூண்டி ரயில் ஏறித் திருவொற்றியூரில் இறங்கினேன்.

தோழி அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நல்ல காது பக்கமாக உட்கார்ந்து சொன்னேன். முதலில் சீட்டு மாறியதை மட்டும். அந்தச் சீட்டு உனக்கு வந்தது, அதில் போ என்று இருந்தது, நான் வாங்கிக்கொண்டேன், தப்பு என்னுடையது.

அவள் முறத்தை வைக்கவில்லை. "எனக்குத் தெர்யுமே" என்றாள்.

"இன்னாடி தெரியும்?"

"எட்த்த ஒடனே திருப்பிப் பட்ச்சிட்டேன். போன்னு கீது. அத்த வூட்டுக்கு எட்த்துகினு போனா அந்தாளு தான் எல்லாத்தையும் சத்தமாப் படிப்பான். கொன்னுருப்பான். எப்டி ஒழிக்கறதுன்னு நிக்கறேன், நீயே வந்து கேட்ட."

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், சந்தோஷமாகவே இருந்தது. சீட்டை மாற்றிய பதினேழு வருடத்துப் பழி என் மேல் இல்லை என்று ஆகிவிட்டதே. அந்த நிம்மதியில்தான், இனிப் பயமில்லை என்று பென்சில் எழுத்துத் தாளை எடுத்து அவளிடம் நீட்டினேன்.

அவள் மெதுவாக, எழுத்துக் கூட்டிப் படித்தாள். முழங்கை, நீலம், பச்சை, பத்து நாள். புடவைத் தலைப்பை இழுத்து, இப்போது ஒன்றுமே இல்லாத அந்தக் கையை மூடிக்கொண்டாள்.

"இது யார் எய்தனது?"

"பாஸ்டரம்மா."

"அந்தம்மாவுக்குத் தெர்யுமா?"

"தெரியும். உனக்குன்னேதான் வரைஞ்சாங்க. உன்னைப் போகச் சொல்லித்தான் எழுதினாங்க."

துண்டைப் பிரித்துப் படத்தைக் காட்டினேன். அவள் கண்ணாடி மேல் விரலை வைத்தாள். "எங்கப்பா கட்டுமரம்டி இது. மொனையில கயிறு சுத்திகீது பாரு, அது எங்கப்பா கட்டு." பாஸ்டரம்மா காத்திவாக்கத்துக்கே போய்ப் பார்த்து வரைந்திருக்கிறார். என்னிடம் அதையும் சொன்னதில்லை.

அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. முகம் சிவந்துகொண்டே வந்தது. அவள் கோபப்பட்டு நான் பார்த்ததே இல்லை.

"ஆண்டவரு எல்லாருக்குந்தான் போ, வா, இருன்னு சொல்றாரு. எனக்குத்தான்னு நான் எப்டி நம்பறது? ஒரு மனுசி என் கையப் பாத்துட்டு, எனக்குன்னு சொல்லிச்சின்னு தெரிஞ்சிருந்தா, அன்னிக்கே பூட்டிருப்பேன்டி. சீட்டுல எய்தி வெச்சிச்சாம். வாயத் தொறந்து சொல்றதுக்கு இன்னா?"

"பாஸ்டரம்மாவால அப்படிச் சொல்ல முடியாதுடி, கமிட்டியில உன் வூட்டுக்காரரு..." என்று ஆரம்பித்தேன்.

"சரி, அந்தம்மாவுக்கு முடியாது" என்றாள் அவள். "நான் பையத் தூக்கினு உன் வூட்டுக்கு வந்து, போவட்டுமான்னு கேட்டேனே. உனக்கு எந்தக் கமிட்டி? நீயும் சீட்டத்தானே பட்ச்சிக் காட்டுன. போடின்னு ஒரு வார்த்த, உன் வாயால நீ சொன்னியா?"